'வேண்டும்' என்னும் வினையும் பெங்களூருவின் தேவை ஆவணங்களும்

பெங்களூரு நகரின் எழுத்து வரலாற்றைக் கூற முற்படுவோர் கன்னட நவோதய இலக்கியத்தையும், இதழ்களையும், தண்டுப் பகுதித் தமிழரின் அச்சு முயற்சிகளையும் குறிப்பிடுவர். அந்நகரின் மென்பொருள் நிறுவனங்களில் நாற்பது ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் ஒருவகை உரைநடை அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஒரு மென்பொருளை உருவாக்குமுன் அது என்ன செய்ய வேண்டும், எந்த வரம்புக்குள் செய்ய வேண்டும், எவற்றைச் செய்யக் கூடாது என்பவற்றை வாக்கியம் வாக்கியமாக எண்ணிட்டு எழுதிவைக்கும் ஆவணம் அது. தொழிலில் உள்ளோர் அதனை 'ரிக்வயர்மெண்ட்ஸ்' என்றும் 'எஸ்.ஆர்.எஸ்.' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் அது தேவை ஆவணம் எனப்படும்.

இவ்வாவணத்தின் வாக்கியங்களுள் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டின. அஃறிணை எழுவாய் ஒன்று; அதன்மேல் ஏற்றப்படும் கடப்பாடு ஒன்று. 'கணக்கு எண் தவறாயின் அமைப்பு பிழைச்செய்தி காட்ட வேண்டும்' என்பது போன்றது. உயிரற்றதும் இன்னும் உருப்பெறாததுமாகிய ஒரு பொருளின்மேல் கடமை சுமத்தும் இவ்வாக்கியம் எவ்வாறு தோன்றிற்று, பெங்களூருவில் ஏன் இவ்வளவு வேரூன்றிற்று, தமிழிலோ கன்னடத்திலோ சொல்லப்படும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

'ஷல்' வந்த வழி

தேவை ஆவணத்தின் தலைமை வினை ஆங்கிலத்தின் 'ஷல்' என்னும் துணைவினையாகும். அன்றாட ஆங்கிலத்தில் இத்துணைவினை பெரிதும் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் அதன் இலக்கண விதி நெடுநாள் வாழ்ந்தது. 1653இல் ஜான் வாலிஸ் இலத்தீனில் இயற்றிய ஆங்கில இலக்கணம், 'ஷல்' தன்மையோடு வரின் வருவதுரைத்தல் மட்டுமே ஆகும் என்றும், முன்னிலை படர்க்கைகளோடு வரின் உறுதிமொழியோ அச்சுறுத்தலோ ஆகும் என்றும் வகுத்தது. 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்ட ரென், மார்ட்டின் இலக்கண நூலும் இவ்விதியைக் கற்பித்தது. இங்கிலாந்து மறந்த ஒரு வேறுபாட்டைத் திருச்சிராப்பள்ளியிலும் தார்வாடிலும் பயின்ற மாணவர் மனப்பாடமாக அறிந்திருந்தனர் எனலாம். பொறியாளராகிப் பெங்களூருவுக்கு வந்தபோது படர்க்கை 'ஷல்' அவர்களுக்கு அயலானதாக இருக்கவில்லை.

பொறியியல் ஆவணங்களுக்கு இவ்வினையை அளித்தவை சட்டமும் படைத்துறையும் ஆகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1968 அக்டோபரில் வெளியிட்ட 'மில்-எஸ்.டி.டி.-490' என்னும் தரநிலை, ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தும் கூற்றுகளுக்கு 'ஷல்' என்றும், கட்டாயமல்லாதவற்றுக்கு 'ஷுட்', 'மே' என்றும், நோக்கம் அறிவிக்கும் கூற்றுகளுக்கு 'வில்' என்றும் பணியைப் பிரித்துக் கொடுத்தது. இதனால் 'வில்' என்று எழுதப்பட்ட வாக்கியத்துக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பாகார். 'ஷல்' என்று எழுதப்பட்டதற்குப் பொறுப்பாவார். பெரும்பொருள் மதிப்புடைய வழக்குகள் ஒரு துணைவினையைச் சார்ந்து நின்றன. 1984இல் மின், மின்னணுப் பொறியாளர் கழகமாகிய ஐ.இ.இ.இ. தன் 830ஆம் எண் வழிகாட்டியை வெளியிட்டது. மென்பொருளுக்கெனத் தேவை ஆவணம் எழுதும் முறையை இது வரையறுத்தது. 1993இலும் 1998இலும் திருத்தப்பட்ட இந்நூலின் இடத்தை 2011இல் 29148 என்னும் பன்னாட்டுத் தரநிலை பெற்றது. பெங்களூருவின் ஆவணங்கள் பலவற்றின் தலைப்பு வரிசை இன்றும் 830இன் தலைப்பு வரிசையே.

இவ்வாக்கியங்களின் தன்மையை விளக்க மெய்யியலார் எலிசபெத் ஆன்ஸ்கம் 1957இல் கூறிய எடுத்துக்காட்டு உதவுகிறது. ஒருவன் சீட்டு ஒன்றைக் கையில் கொண்டு கடைக்குச் செல்கிறான். அவனைப் பின்தொடரும் துப்பறிவாளன் அவன் வாங்குவனவற்றை எல்லாம் வேறொரு சீட்டில் எழுதுகிறான். இறுதியில் இரு சீட்டுகளிலும் ஒரே சொற்கள் இருக்கக்கூடும். ஆனால் வாங்கிய பொருள் சீட்டோடு பொருந்தாவிடின் முதற்சீட்டைப் பொறுத்தவரை பிழை வாங்கியவனுடையது. இரண்டாம் சீட்டைப் பொறுத்தவரை பிழை எழுதியவனுடையது. தேவை ஆவணம் முதற்சீட்டைச் சார்ந்தது. பயன்பாட்டுக் கையேடு இரண்டாவதைச் சார்ந்தது. மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டையும் ஒரே நடையில் மொழிபெயர்த்துவிடுவது இன்றும் காணப்படும் குறையாகும். 'அமைப்பு அறிக்கையை அனுப்பும்' என்பது கையேட்டு வாக்கியம். தேவை ஆவணத்தில் அதனை எழுதினால் கடப்பாடு மறைந்து வருணனை மட்டுமே எஞ்சும்.

தொலைவு எழுதவைத்தது

இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கக் காலத்தில் ஏற்றுமதியானவர் பெரும்பாலும் பொறியாளரே. வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே சென்று, மேசைக்கு மேசை நடந்து கேட்டறிந்து நிரல் எழுதினர். ஐயம் எழுந்தால் அடுத்த அறையில் விடை கிடைத்தது. அந்நிலையில் தேவையை விரிவாக எழுதிவைப்பது மிகையான உழைப்பாகவே தோன்றியிருக்கும்.

பணி ஊர்விட்டு ஊர் வந்தபோது நிலைமை மாறியது. 1981இல் புனேயில் தொடங்கப்பட்ட இன்ஃபோசிஸ் 1983இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் தன் வடிவமைப்பு மையத்தை இங்கு அமைத்து, செயற்கைக்கோள் இணைப்பின்வழி அமெரிக்காவுடன் பணியாற்றும் முறையைக் கொணர்ந்தது. 1991இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாகி, அத்தகைய இணைப்பைச் சிறு நிறுவனங்களும் பெற வழிசெய்தது. வேண்டுவோர் ஒரு கண்டத்திலும் செய்வோர் மற்றொரு கண்டத்திலும் இருந்தனர். இங்குப் பகலாயின் அங்கு இரவு. ஒரு வினாவுக்கு விடை பெற ஒருநாள் கழிந்தது. ஆகவே கேட்காமலே விளங்கும் வாக்கியம் தேவைப்பட்டது.

இதன் விளைவை ஆவணங்களின் தொடரமைப்பில் காணலாம். சுட்டுப்பெயர்கள் அருகின. 'அது', 'அவ்வாறு', 'மேற்கூறியபடி' என்பன ஐயத்துக்கு இடம் தருவன எனத் தவிர்க்கப்பட்டன. ஒரே பெயர்ச்சொல் பத்தி முழுவதும் மீண்டும் மீண்டும் வந்தது. நம் உரைநடை மரபில் குறையெனக் கருதப்படும் இப்பண்பு இங்கு ஒழுங்காயிற்று. எண்ணிடப்பட்ட ஒவ்வொரு வாக்கியமும் தன் அண்டை வாக்கியத்தின் துணையின்றித் தனித்து நிற்க வேண்டியதாயிற்று. உரையாடலில் சூழல் தரும் பொருள் அனைத்தையும் சொல்லே தாங்க நேரும்போது மொழி எவ்வாறு மாறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

தணிக்கையும் இதற்கு வலிமை சேர்த்தது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1993இல் வெளியிட்ட முதிர்ச்சிப் படிநிலை ஐந்து நிலைகளை உடையது. அதன் இரண்டாம் நிலைக்கு உரிய செயற்பாடுகளுள் முதலில் வைக்கப்பட்டது தேவைகளை முறைப்படி பேணுதல். அதே ஆண்டில் மோட்டோரோலாவின் பெங்களூரு மையம் ஐந்தாம் நிலை மதிப்பீட்டைப் பெற்றது. அதற்கு முன் அந்நிலையை எட்டியிருந்தது அமெரிக்க விண்ணோடத்துக்கு மென்பொருள் எழுதிய ஐ.பி.எம். பிரிவாகும். பின்னர் இந்நகர நிறுவனங்கள் பல அவ்வழியைப் பின்பற்றின. தணிக்கையாளர்க்குக் காட்ட எழுத்து வேண்டும். ஆகவே எழுத்து பெருகிற்று.

எனினும் அது ஆங்கிலத்தில் மட்டுமே பெருகிற்று. ஒரே கூடத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசப்பட்டன. தேவையைப் பற்றிய வாதங்கள் இம்மொழிகளின் கலவையில் நடந்தன. முடிவு மட்டும் ஆங்கிலத்தில் பதிவாயிற்று. தமிழில் இத்தகைய ஆவணத்துக்கு மரபு உருவாகாமைக்கு மொழியின் வறுமை காரணமன்று. அதனை வேண்டியவர் தமிழர் அல்லர் என்பதே காரணம்.

வியங்கோளும் வேண்டும் என்பதும்

படர்க்கைப் பொருளை நோக்கிய ஏவல் தமிழுக்குப் புதியதன்று. வியங்கோள் என்னும் வினைவகையே அதற்குரியது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது எனத் தொல்காப்பியர் வரையறுத்தார்; ஆகவே அதன் இயல்பான களம் படர்க்கை ஆகிறது. பிற்காலத்து நன்னூலார் மூவிடத்துக்கும் உரியதாக அதனை விரித்தார். இன்றைய வழக்கோ நேர் எதிர்த்திசையில் சென்றுள்ளது. வினாத்தாளில் 'விடை எழுதுக' என்றும் படிவத்தில் 'நிரப்புக' என்றும் வருவன முன்னிலை நோக்கியன. 'அமைப்பு பதிவு செய்க' என்று இன்று எழுதினால், அமைப்பை விளித்து ஏவுவதாகவோ, 'அமைப்பைப்' என்பதில் உருபு விடுபட்டதாகவோ படிப்போர் கொள்வர். படர்க்கை 'ஷல்'லுக்கு மிக நெருங்கிய வடிவம் நம்மிடம் இருந்தும் பயன்படாமற் போயிற்று. அவ்விடத்தை 'வேண்டும்' நிரப்புகிறது. சட்டத்தமிழ் 'செய்தல் வேண்டும்' என்றும் ஏனைய உரைநடை 'செய்ய வேண்டும்' என்றும் கொள்கின்றன.

'வேண்டும்' என்பதன் இரட்டை இயல்பு இவ்விடத்தில் கருதத்தக்கது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதில் அது விழைவு. 'அவன் வர வேண்டும்' என்பதில் அது கடப்பாடு. கன்னடத்தின் 'பேக்கு' என்பதும் இவ்வாறே இரண்டிலும் வரும். அதன் பழைய வடிவம் 'பேள்' என்னும் விழைவுப் பொருள் வினையைச் சார்ந்தது. தமிழ் 'வேள்', 'வேண்டு' என்பவற்றோடு இனமுடையது. திராவிட மொழிகளில் ஒருவர் விரும்புவதும் மற்றொன்று செய்யக் கடமைப்படுவதும் ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றன. வேறுபாட்டைக் காட்டுவது நான்காம் வேற்றுமை. விழைவில் 'எனக்கு' என்பது வெளிப்பட நிற்கிறது. கடப்பாட்டில் அது மறைகிறது. 'அமைப்பு பதிவு செய்ய வேண்டும்' என்னும்போது யாருக்கு அது வேண்டும் என்பது சொல்லப்படுவதில்லை.

மென்பொருள் உலகம் இந்நான்காம் வேற்றுமையை இருமுறை மீட்க முயன்றது எனலாம். 830ஆம் தரநிலை வகுத்த எட்டு நற்பண்புகளுள் ஒன்று, ஒவ்வொரு தேவையும் எங்கிருந்து வந்தது எனப் பின்னோக்கித் தொடர இயலுமாறு இருத்தல். மறைந்த 'கு' உருபை அட்டவணையில் எழுதிவைக்கும் முயற்சியே அது. மற்றொன்று, 2001இல் இங்கிலாந்தின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் உருவாகிப் பரவிய பயனர் கதை என்னும் வாய்பாடு. இன்னாராகிய எனக்கு, இன்ன பயன் கருதி, இன்னது வேண்டும் என அது அமைகிறது. ஆங்கிலத்தில் 'ஷல்' போய் வேறொரு வினை வந்தது; அம்மொழியில் அது பெருமாற்றம். தமிழில் சொன்னால் வினை மாறவே இல்லை. வேற்றுமை மட்டும் திரும்பி வந்தது.

830இன் எட்டுப் பண்புகளை நன்னூற் பாயிரம் கூறும் நூற்குற்றங்களோடு ஒப்பிடும் ஆவல் நம்மவர்க்கு எழுவது இயல்பே. நிறைவாக இருத்தல் என்பது குன்றக் கூறலின் மறுதலை. முரணின்மை என்பது மாறுகொளக் கூறலின் மறுதலை. ஒருபொருட்படுதல் மயங்க வைத்தலுக்கு மறுதலை. எளிதில் திருத்தத்தக்கதாக இருக்கக் கூறியது கூறல் ஆகாது என 830உம் அறிவுறுத்துகிறது. ஆயினும் சோதித்து மெய்ப்பிக்கத்தக்கதாக இருத்தல் என்னும் பண்புக்குப் பாயிரத்தில் இணை இல்லை. அது நூலைப் பற்றிய கவலையன்று, பொருளைப் பற்றிய கவலை. 'நன்றாக இயங்க வேண்டும்' என்பது நூலில் குற்றமன்று. தேவை ஆவணத்தில் அதுவே பெருங்குற்றம், ஏனெனில் நிறைவேறியதா இல்லையா என எவரும் காட்ட முடியாது. 1985இல் ரிக் பிரிக்ஸ் சமற்கிருதத்தையும் செயற்கை அறிவையும் இணைத்து எழுதிய கட்டுரையும், அதனையடுத்து 1986இல் பெங்களூருவில் நடந்த கருத்தரங்கும் எழுப்பிய ஆரவாரத்தை அறிந்தோர், முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்னும் முடிவுக்கு விரைய மாட்டார்கள்.

கடப்பாட்டின் படிகள்

மொழிபெயர்ப்பாளர்க்கு உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதி இணையப் பொறியியலார் ஏற்ற 2119ஆம் எண் ஆவணம் 'மஸ்ட்', 'ஷல்' இரண்டும் ஒரே பொருளின என்றும், 'ஷுட்' தக்க காரணம் இருப்பின் விலகத்தக்கது என்றும், 'மே' விருப்பத்துக்கு உரியது என்றும் வரையறுத்தது. பன்னாட்டுத் தர அமைப்பின் விதிகளோ கட்டாயத்துக்கு 'ஷல்' என்பதையே கொண்டு, அதன் இடத்தில் 'மஸ்ட்' வரலாகாது என்கின்றன; இயலுமை குறிக்கக் 'கேன்' என்பதையும் தனியே வைத்துள்ளன. இவ்வளவு படிகளையும் தமிழ் மொழிபெயர்ப்புகள் 'வேண்டும்', '-லாம்' என்னும் இரண்டுக்குள் அடக்கிவிடுகின்றன. கட்டாயமும் பரிந்துரையும் 'வேண்டும்' என்பதில் கலக்கின்றன. இசைவும் இயலுமையும் வாய்ப்பும் '-லாம்' என்பதில் கலக்கின்றன. 'பயனர் கோப்பை நீக்கலாம்' என்பது உரிமை தருகிறதா, ஆற்றலைக் கூறுகிறதா, எச்சரிக்கிறதா?

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லாமலில்லை. கட்டாயத்துக்கு 'வேண்டும்', பரிந்துரைக்குத் 'தகும்' அல்லது 'தக்கது', இசைவுக்கு '-லாம்', இயலுமைக்கு 'இயலும்', வாய்ப்புக்குக் 'கூடும்' என ஒன்றுக்கு ஒன்றாக வரையறுத்து ஆவணத்தின் முகப்பில் கூறிவிடலாம். பிரெஞ்சு மொழித் தரநிலைகள் 'ஷுட்' என்பதற்குப் பொருந்துதல், தகுதல் என்னும் கருத்துடைய தொடரையே ஆள்கின்றன. ஆனால் பெங்களூருவில் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். கன்னடச் சட்டநடையில் கட்டாயத்தை உணர்த்துவது 'தக்கத்து' என முடியும் வடிவமே. தமிழ்த் 'தக்கது' என்பதன் உடன்பிறப்பாகிய இச்சொல் அங்கு 'ஷல்', இங்கு 'ஷுட்'. சட்டச் சார்புடைய கன்னட ஆவணத்தைத் தமிழாக்குவோர் ஒலியொப்புமையை நம்பினால் கட்டாயம் பரிந்துரையாகத் தளர்ந்துவிடும்.

எதிர்மறையில் சிக்கல் மேலும் கூடுகிறது. 'வேண்டும்' என்பதன் எதிர்மறை 'வேண்டாம்'. ஆனால் 'கடவுச்சொல்லைக் கேட்க வேண்டாம்' என்பது கேட்பது தேவையில்லை என்பதா, கேட்பது தடை என்பதா? தடைக்குக் 'கூடாது' என்பதையும், கட்டாயம் இன்மைக்கு 'வேண்டியதில்லை' என்பதையும் கொண்டு, 'வேண்டாம்' என்பதை அறவே விலக்குதல் நலம். நிபந்தனையும் அத்தகையதே. '-ஆல்' என்னும் ஈறு ஐயநிலையையும் உறுதியாக நிகழவிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். 2009இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் அலிஸ்டர் மேவினும் உடன்பணியாளரும் வெளியிட்ட எளிய தொடர்முறை, நிலை நீடிக்கும்வரை, நிகழ்ச்சி நேர்ந்தவுடன், விரும்பத்தகாதது நேரின் என மூன்றையும் தனித்தனி இணைப்புச் சொல்லால் பிரிக்கிறது. தமிழில் '-உம்வரை', '-தும்', '-இன்' என்பன அவற்றுக்குப் பொருந்தும். 'விசையை அழுத்தியதும்' என்பதில் உள்ள உடனிகழ்ச்சிப் பொருளை ஆங்கிலம் ஒரே ஈற்றால் தர இயலாது.

வரிவடிவமும் ஓர் இடர் தருகிறது. 2119ஆம் ஆவணத்தை ஆள்வோர் கட்டாயச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கமாயிற்று. சிறிய எழுத்தில் வந்தால் என்ன பொருள் என்னும் வழக்கு இருபது ஆண்டு நீடித்து, 2017 மே மாதம் 8174ஆம் ஆவணத்தால் தீர்ந்தது: பெரிய எழுத்தில் உள்ளதற்கே சிறப்புப்பொருள், ஏனையது பொதுவழக்கு. இந்திய எழுத்துகளில் பெரியது, சிறியது என்னும் பிரிவே இல்லை. மூலத்தில் எழுத்தின் அளவால் உணர்த்தப்பட்ட ஒரு சட்டவேறுபாட்டைத் தமிழில் தடித்த எழுத்தாலோ சொல்லாலோ உணர்த்த வேண்டும். சொல்லால் உணர்த்துவதே சிறந்தது. 'செய்தே ஆக வேண்டும்' என்னும் தேற்றேகார வடிவம் நம்மிடம் உள்ளது.

பூமி: கூடாது முடியாதாகிய வரலாறு

அயல்நாட்டார் தேவையை எழுதிப் பழகிய இந்நகரம், தன் மாநிலத்தின் தேவையை மென்பொருளாக்கியபோது நிகழ்ந்ததை இனிக் காண்போம். பெங்களூருவில் இருந்து வருவாய்த்துறை வழிநடத்தியதும், தேசியத் தகவலியல் மையம் மென்பொருள் எழுதியதும், அரசு அலுவலர் ராஜீவ் சாவ்லாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதும் ஆகிய 'பூமி' திட்டம் 2000க்கும் 2002க்கும் இடையே கருநாடக நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியது. ஏறத்தாழ 67 இலட்சம் உழவர்க்கு உரிய 2 கோடி ஆவணங்கள், 177 வட்டங்கள், அதுவரை அவற்றைக் கையால் எழுதிப் பேணிவந்த ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்கள். பகணி எனக் கன்னடத்தார் வழங்கும் அவ்வாவணம் நம் அடங்கலோடு ஒப்பிடத்தக்கது; அதன் முழுப்பெயர் உரிமை, குத்தகை, பயிர் ஆகியவற்றின் பதிவேடு என்னும் பொருளது.

இங்குத் தேவையின் மூலம் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. அது சட்டம், விதி, படிவம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு வரலாற்றைச் சுமந்து நின்றது. 'கராபு' என்னும் சொல்லை நோக்குக. பாழ் எனப் பொருள்படும் பாரசீக-அரபுச் சொல்லாகிய இது, பயிரிட இயலாத நிலத்தைக் குறிக்கும். அதிலும் 'அ' வகை பயிருக்குத் தகாதது; 'ஆ' வகை பாதை, நீர்நிலை முதலிய பொதுப்பயனுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னதை நம் புறம்போக்கோடு ஒருவாறு ஒப்பிடலாம். பரப்போ தசமத்தில் அமையாது. 40 குண்டெ ஓர் ஏக்கர். நிரலாளர்க்கு இவை கட்டத்தின் பெயரும் எண்வகையும் மட்டுமே. உழவர்க்கு வழக்கின் வெற்றி தோல்வி.

பூமிக்கு முன் ஆவணப்படி ஒன்றைப் பெற 3 முதல் 30 நாள் வரை ஆயிற்று என்றும், கையூட்டு இன்றி அது அரிதாயிற்று என்றும் திட்டத்தைப் பற்றிய உலக வங்கி ஆய்வு கூறுகிறது. பின்னர் வட்ட அலுவலகச் சாளரத்தில் 15 ரூபாய்க்கு அது கிடைத்தது. அதனினும் ஆழமான மாற்றம் உரிமை மாற்ற விண்ணப்பங்களில் நிகழ்ந்தது. விண்ணப்பங்களை வந்த வரிசையில் எடுக்க வேண்டும். ஆட்சேபத்துக்கு உரிய நாள்கள் (அன்று 30) கழியுமுன் ஒப்புதல் அளிக்கக் கூடாது. இவை விதிகள். மென்பொருளில் ஏறியதும் இவை விதிகளாக இல்லை. வரிசையை மாற்றத் திரையில் வழியில்லை. 30 நாள் கழியுமுன் ஒப்புதலைக் கணினி ஏற்கவில்லை. அலுவலர் தம் விரல்ரேகையால் அடையாளம் காட்டிய பின்னரே பணியாற்ற இயலும்.

வினைநோக்கின் இலக்கணத்தில் இதனைக் கூறினால், 'கூடாது' என்பது 'முடியாது' ஆயிற்று. எஃப்.ஆர். பாமர் 1986இல் வகுத்த பாகுபாட்டின்படி, கடப்பாட்டு நோக்கு ஆற்றல் நோக்காக மாறியது. 'கூடாது' என்பதை மீறலாம். மீறினால் தண்டனை உண்டு, முறையீடு உண்டு, சில வேளைகளில் இரக்கத்துக்கும் இடமுண்டு. 'முடியாது' என்பதை மீறும் வழியில்லை. ஆகவே தண்டிப்பாரும் இல்லை, முறையிடத்தக்க செயலும் இல்லை. 'என்னால் முடியாது' என அலுவலர் கூறுவது அதுகாறும் பெரும்பாலும் சாக்காக இருந்தது. இப்போது மெய்யாயிற்று. முந்திச் செல்வதற்காகக் கையூட்டுக் கேட்டவர்க்கு விற்கப் பொருளில்லாமற் போனது ஏழை உழவர்க்கு நன்மை. விதிவிலக்குக்குத் தக்க காரணம் உடையவர்க்கும் அதே கதவு அடைபட்டது.

'கூடாது' என்னும் சொல்லின் வரலாறு இங்கு வியப்பளிக்கிறது. 'கூடு' என்பது ஒன்றுசேர்தல், நிகழ்தல், இயலுதல் என்னும் பொருள்களை உடையது. அதன் எதிர்மறை முதலில் இயலாமையைக் குறித்துப் பின்னரே தடையைக் குறிக்க வந்தது. உடன்பாட்டு வடிவமாகிய 'கூடும்' இன்றும் வாய்ப்பையே குறிக்கிறது. கன்னடக் 'கூடது' என்பதும் தடைப்பொருளை அடைந்துள்ளது. மொழி இயலாமையிலிருந்து தடைக்கு நடந்த பாதையில் மென்பொருள் பின்னோக்கி நடக்கிறது.

வட்டந்தோறும் கணினி ஏற்றம் நிறைவுற்றதும் அங்குக் கையெழுத்துப் படிகள் செல்லாதன என அறிவிக்கப்பட்டன. ஆவணம் என்பது இனித் திரை காட்டுவதே. 2007இல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, பெங்களூருவைச் சூழ்ந்த பகுதிகளில் பலவாறு நிலவிய நில உரிமைகள் இம்முறையில் ஒருவகையாக ஒடுக்கப்பட்டன என்றும், இது சிறு உழவரைவிடப் பெரு நிலம் வாங்குவோர்க்கே உதவிற்று என்றும் வாதிட்டது. அவர்தம் முடிவுகளை முழுதும் ஏற்காதவரும் ஒன்றை மறுக்க இயலாது. தேவை வாக்கியத்தில் மறைந்த நான்காம் வேற்றுமை யாரைக் குறித்தது என்னும் வினாவை அவ்வாய்வு எழுப்பிற்று. அரசுக்கு ஒழுங்கு வேண்டும். வங்கிக்குப் பயிர்க்கடன் வழங்கச் சான்று வேண்டும். உரிமையாளர்க்குப் படி வேண்டும். இம்மூவர்க்கும் வேண்டியதை மென்பொருள் தந்தது.

1974 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம் கருநாடகத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைச் சில விலக்குகளோடு தடைசெய்தது. குத்தகை கூடாது என்பது சட்டம்; வாய்மொழிக் குத்தகை ஊர்களில் தொடர்ந்தது. பதிவேட்டின் பெயரில் 'குத்தகை' என்னும் சொல் இருக்கிறது. உழுவோர் விவரத்துக்கெனக் கட்டமும் இருக்கிறது. வாய்மொழிக்கு நிலம் பெற்று உழுபவர் அக்கட்டத்தில் ஏற எந்த வாக்கியமும் எழுதப்படவில்லை.